எண்ணுக்கு நதிமூலம் பார்க்கலாம்

2,840ஐ 121ஆல் வகுத்தால் ஏறக்குறைய 23.5 வரும். பள்ளிப் பிள்ளை போடும் கணக்கு. உத்தராகண்டின் குமாவோன் மலைப்பகுதியில் இருக்கும் பிண்டாரி பனியாறு 1845 முதல் 1966 வரை, அதாவது 121 ஆண்டுகளில், 2,840 மீட்டர் பின்வாங்கியது என்று ஓர் அட்டவணை சொல்கிறது. அப்படியென்றால் ஆண்டுக்குச் சராசரி 23.5 மீட்டர். ஆனால் அந்த வரிசையில் சராசரி என்று அச்சாகியிருந்த எண் 135.2. யாரோ 121க்குப் பதிலாக 21ஆல் வகுத்திருக்கிறார்கள்.

அந்த அட்டவணை வந்தது, காலநிலை மாற்றத்துக்கான பன்னாட்டு அரசுகளின் குழுவான ஐபிசிசி 2007இல் வெளியிட்ட நான்காவது மதிப்பீட்டு அறிக்கையில். அதே ஆண்டு அந்தக் குழு அல் கோருடன் சேர்ந்து நோபல் அமைதிப் பரிசு பெற்றது. அறிக்கையின் இரண்டாம் தொகுதி மட்டுமே 900 பக்கங்களைத் தாண்டும். அதில் ஆசியாவைப் பற்றிய பத்தாவது அத்தியாயத்தில்தான் இந்தக் கணக்குப் பிழை இருந்தது. அதைவிடப் பெரிய பிழை ஒன்றும் அங்கேயே இருந்தது. இப்போதைய வேகத்தில் பூமி சூடேறினால் இமயமலைப் பனியாறுகள் 2035க்குள், ஒருவேளை அதற்கு முன்பே, மறைந்துபோகும் வாய்ப்பு மிக அதிகம் என்றது அந்தப் பத்தி. அவற்றின் பரப்பு 5 லட்சம் சதுர கிலோமீட்டரிலிருந்து 1 லட்சமாகச் சுருங்கும் என்றும் சேர்த்துச் சொன்னது.

இரண்டு வாக்கியமும் ஒன்றோடொன்று ஒத்துப்போகவில்லை என்பதைக் கவனித்தீர்களா? எல்லாம் மறைந்துவிட்டால் மிச்சம் 1 லட்சம் சதுர கிலோமீட்டர் எங்கிருந்து வந்தது? போதாக்குறைக்கு, இமயமலையில் பனியாறுகள் மூடியிருக்கும் மொத்தப் பரப்பே சுமார் 33,000 சதுர கிலோமீட்டர்தான்.

நதிமூலம், ரிஷிமூலம் பார்க்கக் கூடாது என்பார்கள். ரிஷிகளை விட்டுவிடலாம். எண்கள் விஷயத்தில் மூலம் பார்க்காமல் இருப்பதுதான் தவறு. பனியாறுகளையே ஆய்வுப் பொருளாகக் கொண்ட நான்கு பேர், கனடாவின் கிரஹாம் காக்லி, அமெரிக்காவின் ஜெஃப்ரி கார்கல், ஆஸ்திரியாவின் கியார்க் காசர், கார்னலிஸ் வான் டர் வீன் ஆகியோர், இந்த எண்ணைப் பிடித்துக்கொண்டு மேலேறிப் போனார்கள். கண்டதை 2010 ஜனவரியில் 'சயின்ஸ்' இதழில் கடிதமாக எழுதினார்கள்.

அறிக்கை ஆதாரமாகக் காட்டியது உலக இயற்கை நிதியமான டபிள்யூ.டபிள்யூ.எஃப். 2005இல் வெளியிட்ட ஒரு தொகுப்பை. அது ஆய்விதழ்க் கட்டுரை அல்ல. ஒரு தொண்டு அமைப்பின் பிரசுரம். அந்தத் தொகுப்பு கைகாட்டியது 1999இல் 'நியூ சயன்டிஸ்ட்' இதழில் வந்த செய்தியை. அந்தச் செய்திக்கு அடிப்படை, இந்தியப் பனியாற்று ஆய்வாளர் சையது இக்பால் ஹஸ்னைன் நிருபரிடம் சொன்ன கருத்து. அவர் தலைமையிலான குழுவின் அறிக்கையில் 2035 என்ற ஆண்டே கிடையாது. பரப்புக் கணக்கின் மூலம் வேறு. ரஷ்ய அறிஞர் கோட்லியகோவ் 1996இல் யுனெஸ்கோ வெளியீடு ஒன்றில், துருவங்கள் நீங்கலாக உலகின் எல்லாப் பனியாறுகளும் சேர்ந்து 5 லட்சத்திலிருந்து 1 லட்சம் சதுர கிலோமீட்டராகச் சுருங்கும் என்று எழுதியிருந்தார். எப்போது? 2350இல்.

ஆக, உலகம் இமயமலையாகச் சுருங்கியது. 2350, 2035 ஆனது. ஒரு நேர்காணலில் உதிர்ந்த ஊகம் 'வாய்ப்பு மிக அதிகம்' என்ற முத்திரையோடு உலக அரசுகளின் மேசைக்குப் போனது. ஒவ்வொரு கட்டத்திலும் எழுதியவர் தனக்கு முந்தையவரை நம்பினார். மூலத்தை யாரும் திறந்து பார்க்கவில்லை. அறிக்கை வரைவாக இருந்தபோதே, இது எவ்வளவு உறுதியானது என்று ஜப்பான் அரசின் மதிப்பாய்வாளர்கள் கேட்டிருந்தார்கள். கேள்வி பதிவானது, எண் அப்படியே நின்றது.

இத்தனைக்கும் மூலத்தைத் தேடாமலே இந்த எண்ணைச் சந்தேகித்திருக்க முடியும். கங்கோத்ரி பனியாறு சுமார் 30 கிலோமீட்டர் நீளம். அதன் முகப்பு அண்மைப் பதிற்றாண்டுகளில் ஆண்டுக்குச் சுமார் 20 மீட்டர் பின்வாங்கி வந்திருக்கிறது. வேகம் பத்து மடங்கு கூடினாலும் 28 ஆண்டுகளில் ஆறு கிலோமீட்டருக்கும் குறைவாகவே போகும். பனியாறு நீளத்தில் மட்டும் குறைவதில்லை, தடிமனிலும் கரைகிறது என்பது சரிதான். ஆனால் பெரிய பனியாறுகளின் தடிமன் நூறு மீட்டருக்கு மேல். இமயமலையில் சராசரியாக ஆண்டுக்குக் கரைவது அரை மீட்டர் அளவு. எந்தப் பக்கமிருந்து கணக்குப் போட்டாலும் 2035 வராது. ஒரு தரவை எடைபோட எப்போதும் முனைவர் பட்டம் தேவைப்படுவதில்லை. சில நேரம் ஒரு வகுத்தல் போதும்.

இதற்குள் இந்தியாவில் அரசியல் சூடாகியிருந்தது. 2009 நவம்பரில் அப்போதைய சுற்றுச்சூழல் அமைச்சர் ஜெய்ராம் ரமேஷ், இந்தியப் புவியியல் ஆய்வுத் துறையிலிருந்து ஓய்வுபெற்ற வி.கே. ரெய்னா எழுதிய விவாதக் கட்டுரையை வெளியிட்டார். இமயப் பனியாறுகள் வழக்கத்துக்கு மாறாக ஒன்றும் கரையவில்லை என்ற தொனி அதில் இருந்தது. ஐபிசிசி தலைவர் ராஜேந்திர பச்சௌரி அதை 'வூடூ அறிவியல்' என்று ஏளனம் செய்தார். மூன்று மாதம்கூட ஆகவில்லை. 2010 ஜனவரி 20 அன்று, அந்தப் பத்தியை எழுதும்போது சான்றுகளுக்கான தன் விதிமுறைகள் ஒழுங்காகக் கடைப்பிடிக்கப்படவில்லை என்று ஐபிசிசியே அறிக்கை விட்டு ஒப்புக்கொண்டது.

இங்கே பலர் செய்யும் தவறு, யார் ஜெயித்தார்கள் என்று பார்ப்பது. 2035 தவறு என்பதால் ரெய்னாவின் கட்டுரை சரியாகிவிடாது. அதுவும் ஆய்விதழில் சக அறிஞர்களின் மதிப்பாய்வைத் தாண்டி வந்ததல்ல. அமைச்சகத்தின் முத்திரை மட்டுமே அதன் பலம். இரண்டு பக்கமும் பதவியைக் காட்டிப் பேசியது, அளவீட்டை அல்ல.

கவனிக்க வேண்டிய இன்னொன்று: அதே 2007 அறிக்கையின் முதல் தொகுதியில் பனி, உறைபனி பற்றித் தனி அத்தியாயமே இருக்கிறது. பனியாற்று அறிஞர்கள் எழுதியது. அதில் 2035 இல்லை. தாக்கங்களைப் பற்றிப் பேசும் இரண்டாம் தொகுதியில், பனியாறு முதன்மைத் துறையாக இல்லாதவர்கள் எழுதிய இடத்தில்தான் பிழை புகுந்தது. எனவே 'ஐபிசிசி சொல்கிறது' என்பது பாதி மேற்கோள்தான். எந்தத் தொகுதி, எந்த அத்தியாயம், அதற்கு அடியில் எந்த ஆய்வு என்பதும் சேர்ந்தால்தான் முழு மேற்கோள்.

அப்படியானால் ஐபிசிசியை நம்பலாமா? என் பதில், நம்பலாம். அதற்கான காரணம் இந்தப் பிழை வெளிவந்த விதமே. வரைவுக்கு வந்த கேள்விகள், அவற்றுக்குச் சொன்ன பதில்கள், சான்றுப் பட்டியல் எல்லாம் பொதுவெளியில் கிடந்ததால்தான் நான்கு பேர் உட்கார்ந்து தடம் பிடிக்க முடிந்தது. பிறகு ஐநா பொதுச் செயலர் பான் கி மூனும் ஐபிசிசியும் கேட்டுக்கொண்டதன் பேரில், பல நாட்டு அறிவியல் கழகங்களின் கூட்டமைப்பு ஒன்று ஐபிசிசியின் நடைமுறைகளை ஆராய்ந்து 2010 ஆகஸ்டில் அறிக்கை தந்தது. அடுத்த ஆண்டே பிழைகளைத் திருத்துவதற்கென்று எழுத்துபூர்வ விதிமுறை வந்தது. தவறே செய்யாத தரவு மூலம் உலகில் கிடையாது. தன் தவறைப் பிறர் கண்டுபிடிக்க வழிவிடும் மூலம், வழிவிடாத மூலம் என்ற இரண்டு ரகம்தான் உண்டு.

கருவி தரும் எண்ணுக்கும் இது பொருந்தும். 2024 மே 29 அன்று டெல்லியின் முங்கேஷ்பூர் தானியங்கி வானிலை நிலையம் 52.9 டிகிரி செல்சியஸ் காட்டியது. இந்தியாவில் அதுவரை உறுதியான உச்சம் 2016இல் ராஜஸ்தானின் பலோடியில் பதிவான 51 டிகிரி. நாடு முழுக்கத் தலைப்புச் செய்தி, உலகச் செய்தியும்கூட. ஆனால் அன்று டெல்லியின் மற்ற நிலையங்கள் 45.2 முதல் 49.1 வரைதான் காட்டின. ஒரே ஊரில் ஒரு நிலையம் மட்டும் நான்கு டிகிரி துள்ளினால் முதலில் சந்தேகிக்க வேண்டியது கருவியை. இந்திய வானிலை ஆய்வுத் துறை ஆட்களை அனுப்பித் தரமான கருவியோடு ஒப்பிட்டுப் பார்த்தது. முங்கேஷ்பூர் உணரி சுமார் 3 டிகிரி கூடுதலாகக் காட்டுவது தெரிந்தது. சில நாட்களில் துறையே அதை அறிவித்தது. 52.9ஐப் பகிர்ந்தவர்களில் எத்தனை பேர் திருத்தத்தையும் பகிர்ந்தார்கள் என்று கேட்க வேண்டாம்.

இப்படிக் கருவியும் இடமும் மாறும்போது எண்ணைச் சரிசெய்துதான் ஆக வேண்டும். 'விஞ்ஞானிகள் பழைய வெப்பநிலைத் தரவைத் திருத்துகிறார்கள், சூடேறுவதாகக் காட்டுவதற்காக' என்ற குற்றச்சாட்டு இங்கேதான் பிறக்கிறது. திருத்துகிறார்கள் என்பது உண்மை. எந்தத் திசையில் என்பதைச் சொல்ல மறந்துவிடுவார்கள். பத்தொன்பதாம் நூற்றாண்டில் மாலுமிகள் கித்தான் வாளியைக் கடலில் இறக்கித் தண்ணீர் மொண்டு, மேல்தளத்தில் வைத்து வெப்பமானியை விடுவார்கள். கித்தான் வழியே நீர் கசிந்து காற்றில் ஆவியாக, வாளியில் உள்ள நீர் குளிர்ந்துவிடும். அதாவது பழைய கடல் வெப்பநிலைகள் உள்ளதைவிடக் குறைவாகப் பதிவாயின. அதைச் சரிசெய்தால் பழைய எண்கள் உயரும். பூமியில் பெரும்பகுதி கடல் என்பதால், எல்லாத் திருத்தங்களையும் சேர்த்துப் பார்த்தால் நூற்றாண்டுக் கணக்கில் புவி வெப்பமாதல் குறைந்துதான் தெரிகிறது. திருத்தாத தரவு இன்னும் மோசமான சூட்டைக் காட்டும்.

செயற்கைக்கோள் தரவு என்றதும் அப்பழுக்கற்றது என்று நினைக்கும் பழக்கம் நம்மிடம் உண்டு. அமெரிக்காவின் ராய் ஸ்பென்சரும் அலபாமா பல்கலைக்கழகத்தைச் சேர்ந்த ஜான் கிறிஸ்டியும் 1990இல் செயற்கைக்கோள் வழியே புவி வெப்பநிலையைக் கணக்கிட்டு வெளியிட்டார்கள். அந்தத் தொடர் தரையில் தெரிந்த வெப்ப உயர்வைக் காட்டவில்லை. 1990களில் லேசான குளிர்ச்சியைக்கூடக் காட்டியது. காலநிலை மாற்றத்தை மறுப்பவர்களுக்குப் பல ஆண்டுகள் அதுவே கேடயம். ஆனால் செயற்கைக்கோளில் வெப்பமானி இல்லை. காற்றிலுள்ள ஆக்சிஜன் உமிழும் நுண்ணலைகளை அளந்து, அதிலிருந்து கணக்குப் போட்டு வெப்பநிலையை வருவிக்கிறார்கள். ஃபிராங்க் வென்ட்ஸும் மத்தியாஸ் ஷாபலும் 1998இல், காற்றின் உராய்வால் செயற்கைக்கோள்கள் மெல்லக் கீழிறங்குவதைக் கணக்கில் எடுக்காததால் பொய்யான குளிர்ச்சி தெரிகிறது என்று காட்டினார்கள். 2005இல் கார்ல் மியர்ஸும் வென்ட்ஸும் இன்னொன்றைக் கண்டார்கள். ஒரே இடத்தைச் செயற்கைக்கோள் கடக்கும் உள்ளூர் நேரம் ஆண்டுகள் செல்லச் செல்ல நகர்ந்துவிடும். அதற்கான திருத்தத்தை அலபாமா குழு தலைகீழான குறியோடு போட்டிருந்தது. ஸ்பென்சரும் கிறிஸ்டியும் ஏற்றுத் திருத்தினார்கள். இன்று அவர்களுடைய தொடரே பத்தாண்டுக்குச் சுமார் 0.15 டிகிரி உயர்வைக் காட்டுகிறது. அவர்கள் இருவரும் காலநிலை எச்சரிக்கைகளை மிகை என்று சொல்லிவருபவர்கள் என்பதையும் சேர்த்துக்கொள்ளுங்கள்.

'யார் காசு கொடுத்தார்கள்?' என்பது நியாயமான கேள்வி. ஆனால் அதோடு முடிந்துவிடும் கேள்வி அல்ல. பெர்க்லி இயற்பியலாளர் ரிச்சர்ட் முல்லர், பழைய வெப்பநிலைப் பதிவுகளை நம்பாதவராக இருந்தார். தனிக்குழு அமைத்து, 2011இல் இயற்பியல் நோபல் பெற்ற சால் பெர்ல்மட்டரையும் சேர்த்துக்கொண்டு, சுமார் 39,000 நிலையங்களின் பதிவுகளை முதலிலிருந்து அலசினார். நிதியில் 1,50,000 டாலர், எண்ணெய்த் தொழிலில் பெரும்புள்ளியான சார்லஸ் கோக்கின் அறக்கட்டளையிலிருந்து வந்தது. முடிவு என்ன வரும் என்று காலநிலை மாற்றத்தை ஏற்போர், மறுப்போர் இரு தரப்புமே கணித்து வைத்திருந்தன. வந்ததோ, நாசாவும் பிரிட்டன் வானிலைத் துறையும் சொன்னதே சரி என்று. 250 ஆண்டுகளில் நிலப்பரப்பு 1.5 டிகிரி சூடேறியிருக்கிறது, காரணம் ஏறக்குறைய முழுக்க மனிதர்களே என்று 2012இல் முல்லர் வெளிப்படையாக எழுதினார்.

எக்ஸான் எண்ணெய் நிறுவனத்தின் கதை இதற்கு மறுபக்கம். அதன் சொந்த விஞ்ஞானிகள் 1977க்கும் 2003க்கும் இடையே செய்த வெப்பநிலைக் கணிப்புகளை ஜெஃப்ரி சூப்ரன் குழுவினர் 2023இல் 'சயின்ஸ்' இதழில் சரிபார்த்தார்கள். 63 முதல் 83 சதவீதம் வரை பின்னர் நடந்ததோடு பொருந்தின. அதே நிறுவனம் பொதுவெளியில், காலநிலை அறிவியல் இன்னும் தெளிவாகவில்லை என்று விளம்பரம் செய்துகொண்டிருந்தது. ஒரே காசு, உள்ளே நல்ல அறிவியல், வெளியே புகைமூட்டம். ஆகவே பணத்தை விசாரியுங்கள், ஆனால் முறையையும் தரவையும் திறந்து காட்டுகிறார்களா என்பதில் முடியுங்கள்.

எண்கள் ஒன்றுக்கொன்று வேறுபட்டாலே பொய் என்று முடிவுகட்டுவதும் உண்டு. 2024ஆம் ஆண்டுக்கு ஐரோப்பாவின் கோப்பர்னிகஸ் 0.72 டிகிரி கூடுதல் என்றது. நாசா 1.28 என்றது. உலக வானிலை அமைப்பு 1.55 என்றது. மூன்றும் சரி. முதலாவது 1991–2020 சராசரியோடு ஒப்பிட்டது, இரண்டாவது 1951–1980 சராசரியோடு, மூன்றாவது ஆறு தரவுத் தொகுப்புகளைச் சேர்த்து 1850–1900 சராசரியோடு. எதோடு ஒப்பிட்டது என்று சொல்லாத டிகிரிக்கு மதிப்பே இல்லை.

ஆய்வு சரியாக இருந்து, தலைப்பு கெடுப்பதும் நடக்கிறது. 2019 அக்டோபரில் ஸ்காட் கல்ப், பெஞ்சமின் ஸ்ட்ராஸ் இருவரும் 'நேச்சர் கம்யூனிகேஷன்ஸ்' இதழில், கடலோர உயரங்களைப் புதிய முறையில் கணக்கிட்டு எழுதினார்கள். பழைய செயற்கைக்கோள் உயரத் தரவு மரத்தின் உச்சியையும் கட்டடத்தின் கூரையையும் தரை என்று எடுத்துக்கொண்டிருந்தது. அதைச் சரிசெய்தபோது தாழ்நிலங்களில் வாழ்வோர் எண்ணிக்கை பன்மடங்கானது. 2050இல் ஆண்டுக்கொரு முறையேனும் கடல்வெள்ளம் எட்டக்கூடிய நிலத்தில் இப்போது 30 கோடிப் பேர் வசிக்கிறார்கள் என்பது அவர்கள் முடிவு. தடுப்புச் சுவர்களைக் கணக்கில் எடுக்கவில்லை என்பதை அவர்களே எழுதியிருந்தார்கள். உயர் அலைமட்டத்துக்குக் கீழே இன்றே 11 கோடிப் பேர் வாழ்கிறார்கள் என்பதும் அதே கட்டுரையில் உண்டு. செய்தியாகும்போது இவையெல்லாம் உதிர்ந்து, நகரங்கள் 'மூழ்கும்' என்பது மட்டும் மிஞ்சியது. சென்னை 2050இல் கடலுக்குள் போய்விடும் என்று நமக்கு வரும் வாட்ஸ்அப் தகவல்களும் இந்த ரகம்தான். ஆண்டுக்கொரு முறை வெள்ளம் வருவது சின்ன விஷயமல்ல. ஆனால் அது மூழ்குவதும் அல்ல.

மிகைப்படுத்தியவர்களால் நிஜ அபாயம் கேலிக்கூத்தாகிவிடுகிறது என்பதே என் பெரிய ஆதங்கம். 2035 பொய்த்ததும் இமயமலைக்கு ஒன்றுமில்லை என்று சிலர் கிளம்பினார்கள். அமெரிக்காவின் பழைய உளவுச் செயற்கைக்கோள் படங்களை வைத்து, 2,000 கிலோமீட்டர் நீளத்தில் 650 பனியாறுகளை ஜோஷுவா மௌரர் குழுவினர் ஆராய்ந்து 2019இல் வெளியிட்டார்கள். 2000க்குப் பிறகு கரையும் வேகம் அதற்கு முந்தைய கால் நூற்றாண்டைப் போல இரு மடங்கு. காத்மாண்டுவில் உள்ள பன்னாட்டு ஒருங்கிணைந்த மலை மேம்பாட்டு மையத்தின் 2023 அறிக்கைப்படி, புவி 1.5 முதல் 2 டிகிரி சூடேறினால் இந்து குஷ் இமயப் பனியாறுகள் 2100க்குள் தம் கனஅளவில் 30 முதல் 50 சதவீதத்தை இழக்கும். உமிழ்வு கட்டுக்கடங்காமல் போனால் 80 சதவீதம் வரை. ஆண்டு, நிபந்தனை, இடைவெளி மூன்றும் சேர்ந்து நிற்பதைப் பாருங்கள். பயமுறுத்தும் தலைப்புக்கு இது கொஞ்சம் நீளம்தான்.

தமிழ் நாளிதழ்களுக்கும் தொலைக்காட்சிகளுக்கும் ஒரு வேண்டுகோள். காலநிலை பற்றி ஓர் எண்ணைப் போடும்போது, எந்த ஆய்வு, எந்த இதழ், எந்த ஆண்டு, எதோடு ஒப்பிட்டது, எந்த நிபந்தனையில் என்பதைச் செய்தியின் அடியில் இரண்டு வரியாகப் போடுங்கள். 'விஞ்ஞானிகள் எச்சரிக்கை' என்பதைப் போடும் இடம்தான் அதற்கும் பிடிக்கும்.